மாதிரி அலை

வாயிலில் பொருத்திய புது நிலைத்தராசு, ஏறி நின்றவரின் எடையைத் தன் முகப்பில் சரியாகவே காட்டியது. கணினிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரி வரியாக விழுந்துகொண்டிருந்தன.

"ஸ்பீடு ஒத்துப்போகலை சார்," என்றாள் ஜெசிந்தா. "தராசு ஒரு வேகத்துல அனுப்புது, கம்ப்யூட்டர் வேற வேகத்துல கேக்குது. அதான் உளறுது."

தூத்துக்குடிக் கடலோரத்து உர ஆலையில் எடைக்கருவிகள் அத்தனையும் அவள் பொறுப்பு. தராசையும் கணினியையும் இணைத்த சீரியல் கேபிளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, தராசின் மெனுவைத் திறந்து வேகத்தை மாற்றினாள். உளறல் நின்று எண்கள் வந்தன. பக்கத்தில் நின்ற மேலாளர் சங்கரலிங்கம் பெருமூச்சு விட்டார்.

லாரி எடைமேடை, வண்டி ஆடி அடங்கிய பிறகு ஒரே ஓர் எண்ணை அனுப்பும். நிலைத்தராசுக்கு வேண்டியதே அந்த ஆட்டம்தான். மூச்சு, இதயத்துடிப்பு, முழங்கால் நடுக்கம் எல்லாம் பாதத்தின் வழியே இறங்கி எடையை இம்மியளவு கூட்டிக் குறைக்கும். அந்த அலையைப் படித்து, நிற்பவர் பயந்திருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று தலைமையகத்தின் நிரல் சொல்லிவிடும். கலங்கிய மனத்தோடு இயந்திரத்தைத் தொடுபவர்களால்தான் விபத்து நடக்கிறது என்று முடிவான பிறகு, பெரிய ஆலைகளிலெல்லாம் காவலாட்கள் போய் இந்தத் தராசு வந்திருந்தது. பச்சை எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜெசிந்தா, தரவு அனுப்பும் முறையை 'நிலைத்த பின்' என்பதிலிருந்து 'இடைவிடாமல்' என்பதற்கு மாற்றினாள். உடனே திரை ஒரு மாதிரி அலையைக் கேட்டது.

"அது என்னம்மா?"

"ஒழுங்கா இருக்கிற ஒரு ஆளோட அலை சார். அதை வச்சுத்தான் மத்தவங்களை ஒப்பிட்டுப் பாக்கும்."

"அப்ப நீயே ஏறி நில்லு தாயி."

ஏறி நின்றாள். கோடு கிட்டத்தட்ட நேராக ஓடியது. நிரல் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"என்ன ஒரு தெளிவு!" என்றார் சங்கரலிங்கம்.

அவள் கணவன் ரொசாரியோ புயலில் படகோடு போய் இரண்டு மாதமாகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. கோயிலில் அவனுக்காகப் பூசை வைத்த அன்றும் அவள் அழவில்லை. சோறு ருசிக்கவில்லை, பசிக்கவும் இல்லை. யாராவது பேசினால் காதில் விழுந்தது, பதில் சொன்னாள். இது தெளிவு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்துச் சொல்லும் விருப்பம்தான் இல்லை. சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் முதலில் திருப்பி அனுப்பப்பட்டவன் கன்வேயர் பிரிவு சகாய செல்வின். விடியற்காலையில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. லட்டுப் பெட்டியோடு ஏறி நின்றான். சிவப்பு எரிந்தது.

"எக்கா, எனக்கு என்ன கேடு? சந்தோஷமாத்தானே இருக்கேன்?"

"அதான் செல்வின்," என்றாள் ஜெசிந்தா.

அடுத்தடுத்த வாரங்களில் காதலித்தவர்கள், வீட்டில் சண்டை போட்டவர்கள், காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள். அந்த இடங்களுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். மனைவி விட்டுப்போன ஒருவர், மகனைப் பறிகொடுத்த ஒருவர், காரணம் தனக்கே தெரியாமல் உள்ளுக்குள் அணைந்துபோன சிலர். அவர்களுக்கெல்லாம் பச்சை எரிந்தது. உணவுக்கூடத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. உற்பத்தி கூடியது. ஜெசிந்தாவுக்கும் அந்த இடம் வசதியாகவே இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவும்போது கெளுத்தி முள் அவள் உள்ளங்கையில் ஏறியது. கடுப்பு தோள்வரை பிடித்தது. அலறினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் உடம்புக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான். வலிக்குப் பின்னாலேயே அழுகை வந்தது. ரொசாரியோவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அவள் கையைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிடித்தாள். சாயங்காலம் கடுப்பு அடங்கியது. அழுகை அடங்கவில்லை.

மறுநாள் காலை வீங்கிய கண்களோடு தராசில் ஏறினாள். சிவப்பு. இறங்கி மறுபடி ஏறினாள். சிவப்பு. அவளுடைய அலைக்கு அவளே பொருந்தவில்லை. அதை மாற்றும் கணினி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தது.

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. பம்ப் அறைப் பக்கம் அமோனியாக் குழாய் கசிந்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். பிறகு வேலையைப் பார்த்தார்கள். வெளியேற எந்தத் தராசிலும் ஏற வேண்டியதில்லை. கதவைத் தள்ளினால் போதும். யாரும் தள்ளவில்லை.

எதிரே இருந்த அலுவலகக் கட்டடத்திலிருந்து சங்கரலிங்கம் ஓடிவந்து தராசில் ஏறினார். அவருக்கும் சிவப்புதான். "போன் போட்டுச் சொல்லிட்டேம்மா. 'சரி சார்'ங்கானுவ. அப்படியே நிக்கானுவ!"

அமைதியானால் கதவு திறக்கும். ஜெசிந்தா மீண்டும் ஏறிக் கண்ணை மூடி, முன்பு போல மரத்துப்போகப் பார்த்தாள். முடியவில்லை. கீழே குதித்து, இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்துக் கதறினாள்.

"வெளிய வாங்க! செத்துருவீய! வாங்கய்யா!"

மகனைப் பறிகொடுத்த ஃபிட்டர் மாரியப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக வந்து கதவைத் தள்ளினார்.

"ஏம்மா இப்படி அழுவுதே?"

அவள் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கதவு மூடிக்கொள்ளாமல் முதுகைக் கொடுத்து நின்றாள். சங்கரலிங்கம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். சிலரை அவர் இழுத்து வந்தார். சிலர் அவளுடைய அழுகையைப் பார்க்கத் தாங்களாகவே வந்தார்கள். பம்ப் அறையில் இருந்த தவசிமணி மட்டும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். அவரைத் தூக்கி வந்ததும் சங்கரலிங்கம்தான்.

அடுத்த மாதம் ஒருநாள், ஆலைக்கு உள்ளேயிருந்து வந்த சங்கரலிங்கம், இன்னும் சிவப்பே எரிந்ததால் வாயிலில் காத்திருந்த ஜெசிந்தாவிடம் தலைமையகத்தின் முடிவைச் சொன்னார். கசிவின்போது உள்ளே பதற்றம் இல்லை, நெரிசல் இல்லை, கூச்சல் இல்லை. எனவே இந்த ஆலையின் மாதிரி அலையையே எல்லா ஆலைகளுக்கும் வைக்கிறார்கள்.

"அது என்னோட அலை சார். அதை அழிக்கச் சொல்லுங்க."

"எல்லா இடத்துக்கும் போயிட்டும்மா."

"தவசிமணி அண்ணன் செத்துப்போனாரே சார்?"

"ஆமா," என்றார் சங்கரலிங்கம். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "ஒருத்தர் தவறிட்டாரு."

சொல்லிவிட்டு அவர் திரும்பித் தராசில் ஏறினார். பச்சை எரிந்து கதவு திறந்தது.