நெருப்பு காணாத நீலக்கல்

கல் சூடாக இருந்தது.

அவள் அதை உதட்டிலிருந்து எடுத்து, துணியில் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். சூடுதான். கண்ணாடித் துண்டு உதட்டில் பட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும். நீலக்கல் சில்லென்று இருக்கும். வீட்டுக்குச் சோதனைக்கு வரும் எந்தக் கல்லும் முதலில் அவள் உதட்டுக்கும் பிறகுதான் மைக்ராஸ்கோப்புக்கும் போகும். காய்ச்சலில் கிடக்கும் மகள் குட்டியின் கையில் இருந்ததால் ஏறிய சூடாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் கல்லை எஃகுத் தட்டில் வைத்துவிட்டு, பாலைக் காய்ச்சி, பாத்திரத்தைக் கழுவிவிட்டு அல்லவா வந்திருக்கிறாள். அதற்குள் ஆறியிருக்க வேண்டும்.

மதியம் கல்லைக் கொண்டுவந்தது கொழுந்தன். தரகு வேலை பார்ப்பவன். நிறம் ஏறுவதற்காக உலையில் வாட்டிய கல்லா, இல்லை பிறவி நீலமா என்று காலைக்குள் தெரிய வேண்டும் என்றான். அப்போது அவள் உதட்டில் வைத்துப் பார்த்தபோது பல் கூசும் குளிர்ச்சி.

"அண்ணனுக்குக் கிடைக்காத முத்தமெல்லாம் கல்லுக்குத்தான் போகுது அண்ணி."

அவர் வெளியூரிலிருந்து வந்ததும் புகாரைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். கல்லுக்குள் பட்டு நூல்போன்ற மெல்லிய இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. உலைச் சூடு பட்டால் அவை கரைந்துவிடும். இதில் ஓர் இழைகூடக் கரையவில்லை. நடுவில் கடுகை விடச் சிறிய ஒரு பொந்து, அதற்குள் திரவம், திரவத்தில் ஒரு குமிழி. பெரியது. அசையாதது. மலைக்கு அடியில் கல் உருவானபோது அகப்பட்ட சொட்டு அது. மலை கரைந்து, ஆறு கல்லை உருட்டிக்கொண்டுவந்து சரளைக்குள் புதைத்த பிறகும் கசியாமல் இருக்கிறது. லேசாகச் சூடு காட்டினால் இந்தக் குமிழி சுருங்கி மறைந்துபோகும். பார்க்க வரும் வியாபாரிகளுக்கு அவள் விரும்பிக் காட்டும் வேடிக்கை.

நெருப்பே காணாத கல் என்று சொன்னாள். அப்படியென்றால் விலை கூடும். ஆனாலும் கொழுந்தன் சிரிக்கவில்லை. எங்கே எடுத்தது என்று கேட்டாள்.

"ஆத்தோரக் குழி. இப்போ மூடிக்கிச்சு."

"மூடிட்டாங்களா?"

"அதுவா மூடிக்கிச்சு. ஒரு ஆள் உள்ள இருந்தான்." அவன் கல்லைப் பார்க்காமல் பேசினான். "மறுநாள்தான் எடுத்தாங்க. உடம்பெல்லாம் ஐஸ் மாதிரி, கல்லைப் பிடிச்சிருந்த கை மட்டும் சூடா இருந்துச்சாம். கதை விடுறானுங்க அண்ணி."

அந்த நேரத்தில்தான் உள்ளறையில் குட்டி முனகினாள். காலையிலிருந்தே காய்ச்சல், மருந்துக்கு மசியவில்லை. தலைவலி என்றால் குளிர்ந்த கல்லை நெற்றியில் வைத்துக்கொள்வது தாய்க்குப் பழக்கம். அதே பழக்கத்தில் கல்லை மகளின் உள்ளங்கையில் வைத்தாள். "ஜில்லுனு இருக்கும்மா" என்று குட்டி விரல்களை மூடிக்கொண்டு தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கல்லைக் காலையில் வாங்கிக்கொள்வதாகவும், இனிமேல் தன்னை டாக்டர் என்று கூப்பிடும்படியும் சொல்லிவிட்டுக் கொழுந்தன் கிளம்பினான்.

இப்போது அவள் கல்லை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து விளக்கைப் போட்டாள். பல்பின் மேல் படிந்திருந்த தூசு தீயும் வாசனை எழுந்தது. எங்கோ குழாய் சொட்டியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணை வைத்ததும் நீலம் அவளை உள்ளே இழுத்தது. ஆழத்துக்கு ஆழம் கறுத்துக்கொண்டே போகிற, ஆனால் எந்த இடத்திலும் கறுப்பாகிவிடாத நீலம். ஒரு முறை பார்த்தவர்கள் கண்ணை எடுக்க மாட்டாமல் நிற்பது இதற்காகத்தான்.

பொந்தைத் தேடிப் பிடித்தாள்.

பெரிய குமிழி இல்லை.

அந்த இடத்தில் சிறியது ஒன்று. பொந்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சுருங்கி, விரிந்து, சுருங்கி, விரிந்து. அவள் தன் மணிக்கட்டில் விரலை வைத்தாள். தன் நாடியும் இதுவும் ஒன்றல்ல. இது வேகம். சின்ன நெஞ்சின் வேகம்.

எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

குட்டி மல்லாந்து கிடந்தாள். காய்ச்சல் இல்லை. மூச்சு மட்டும் நீளமாக, கரகரப்பாக, பாரம் தூக்கி இறக்கியவனின் மூச்சுபோல வந்துகொண்டிருந்தது. அறையில் ஈரச் சரளையின் வாடை. நாடியைப் பிடித்தாள். மெதுவாக, தடிப்பாக அடித்தது.

"குட்டி."

கண் திறந்தது. கூரையைப் பார்த்தது. ஜன்னலைப் பார்த்தது. கதவைப் பார்த்தது.

"காத்து நல்லா வருது" என்றாள் குட்டி. குட்டியின் குரல்தான்.

"குட்டி, அம்மாவைப் பாரு."

பார்த்தாள். யார் வீட்டுப் பெண்ணையோ பார்ப்பதுபோல, மரியாதையாக.

"உனக்குப் புண்ணியமாப் போகும் தங்கச்சி."

அப்போதுதான் தீயும் தூசின் வாசனை மூக்கில் ஏறியது. விளக்கு. விளக்கை அணைக்கவில்லை. கல் அதன் கீழேதான் இருக்கிறது. சூடேறிக்கொண்டிருக்கிறது.

ஓடினாள். கண்ணை வைத்தாள். குமிழி பாதியாகியிருந்தது. சுருங்கியது. விரியவில்லை. இன்னும் சுருங்கியது. ஆறினால் திரும்பும். எல்லாக் கல்லிலும் திரும்பும். இதில்?

சுவிட்சுக்குக் கை போனது.

அந்தக் கைமேல் ஒரு சின்னக் கை வந்து படிந்தது. இதமான சூடு. அசைக்க முடியாத பிடி. நகக்கண்ணெல்லாம் ஈரமண்.

"வேணாம் தங்கச்சி. இருட்டு வேணாம்."

கல்லுக்குள், அவள் கண்ணுக்கு நேராக இருந்த சுவரில், ஊசிமுனை அளவில் குட்டியின் துடிப்பு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.