பின்சுவரின் அழுக்குக் கோடுகள்

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கடையிலிருந்து திரும்பிய எர்லிண்டா வீட்டின் பின்பக்கம் போனாள். ஏணி சாய்ந்து கிடந்தது. சுவரடியில், சேற்றில், அவளுடைய அப்பா செலஸ்டினோ மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் இரத்தம். தோட்டக் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எர்லிண்டா அலறவில்லை. போய்க் குழாயை மூடினாள். பிறகுதான் போலீஸைக் கூப்பிட்டாள்.

துப்பறியும் அதிகாரி பெர்நீஸ் லுசேரோ வந்தபோது அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த பச்சை மிளகாய்க் குழம்பு மூடி திறக்காமல் இருந்தது. நியூ மெக்ஸிகோவின் ஜூன் வெயிலிலும் எர்லிண்டா முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

“நான்தான் சொன்னேன்,” என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. “சான் ஹுவான் திருநாளுக்கு அத்தை வீட்டு ஜனம் வருது, பின்சுவரைக் கழுவுங்கப்பான்னு. நான் சொல்லலேன்னா அவர் ஏணியில ஏறியிருக்கவே மாட்டார்.”

கணவன் டாரியோ அவள் தோளில் கை வைத்தான். “விடு எர்லிண்டா. அந்த வயசுல ஏறச் சொன்னது தப்புதான். இனி அழுது என்ன ஆகப்போகுது?”

ஆறுதல் சொல்கிற லட்சணத்தைப் பாருங்கள்! அவள் எங்கே அழுதாள்? மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெர்நீஸ் அவன் பக்கம் திரும்பினாள். “காலையில எங்க இருந்தீங்க?”

“என் கடையில. கார் கழுவுற கடை.”

“யாராவது பார்த்தாங்களா?”

“செவ்வாய்க்கிழமை எவன் வர்றான்? ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

“மாமனாருக்கு ஒத்தாசையா சுவரைக் கழுவுறதுண்டா?”

“அந்தக் குழாயையும் ஏணியையும் தொட விட்டாத்தானே! பெருசு பொண்டாட்டியைவிட சுவரைத்தான் நல்லாப் பார்த்துக்கிட்டார். நான் ஒருநாளும் தொட்டதில்லை.”

வெளியே காவலர் கயேகோஸ் காத்திருந்தான். “விபத்துதான் மேடம். கால் வழுக்கியிருக்கு. சாப்பிடப் போலாமா?”

“உனக்கு மூளை வயித்துலதான்டா இருக்கு.”

பெர்நீஸ் வீட்டைச் சுற்றி வந்தாள். மூன்று பக்கமும் ஸ்டக்கோ என்னும் காரைப்பூச்சு நேற்று அடித்தது போல ஒரே நிறமாக இருந்தது. பின்சுவர் மட்டும் அலங்கோலம். கூரையோரம் வெளுத்திருந்தது, அங்கிருந்து பழுப்புக் கோடுகள் கீழே ஓடிப் பாதியில் நின்றன. அதற்கும் கீழே தொட்டுப் பார்த்தாள். வசந்தகாலத்துப் புழுதி உலர்ந்த மாவாக விரலில் ஒட்டியது. அவளும் ஸ்டக்கோ வீட்டில் வளர்ந்தவள்தான்.

“ஏணியில கைரேகை எடு,” என்றாள். கயேகோஸின் சாப்பாடு தள்ளிப்போனது.

மறுநாள் மாலை அவள் மறுபடி வந்து இருவரையும் பின்பக்கம் கூப்பிட்டாள். அப்பா கிடந்த இடத்துக்கு எர்லிண்டா அதுவரை போகவேயில்லை. இப்போதும் தரையைப் பார்த்தபடிதான் வந்தாள்.

“நாளைக்கு அப்பாவுக்கான ஜெபமாலைக்கு ஊரே வரும்,” என்றாள் பெர்நீஸ். “சுவர் இப்படியா இருக்கிறது? யாராவது கழுவக்கூடாதா?”

“நான் கழுவுறேன்,” என்று டாரியோ குழாயை எடுத்தான். நல்ல மருமகன் வேஷம் போட வேறு நேரம் கிடைக்குமா? தண்ணீர் நேராகக் கூரையோரத்தில் போய் அடித்தது. புழுதி கரைந்து, காய்ந்த சுவரில் வழிந்தது.

“ஐயோ, கீழேருந்து!” எர்லிண்டா கத்தினாள். “முதல்ல கீழே நனைக்கணும்!”

“ஏன்மா?” என்றாள் பெர்நீஸ்.

“காஞ்ச ஸ்டக்கோ அழுக்குத் தண்ணியைக் குடிச்சிடும். கோடு விழுந்தா லேசில போகாது. கீழே நனைச்சுக்கிட்டே மேல போகணும். அப்பா எப்பவும்...” அவள் நிமிர்ந்து சுவர் முழுவதையும் பார்த்தாள். “இது அப்பா கழுவினது இல்ல.”

“இல்ல. மேலேருந்து கழுவுறது காரைத்தான். கூரையில ஆரம்பிச்சு சக்கரத்துல முடிப்பாங்க. கை பழகிப்போச்சு, இல்லையா டாரியோ? அவரை இங்க இழுத்துட்டு வந்த தடம் போகத் தரையெல்லாம் தண்ணி விட்டீங்க. தரை மட்டும் நனைஞ்சிருந்தா சந்தேகம் வரும்னு சுவரையும் கொஞ்சம் கழுவினீங்க. தொட்டதே இல்லைன்னு சொன்ன ஏணியில உங்க பத்து விரலும் இருக்கு.”

டாரியோ குழாயைக் கீழே போட்டான். “கிழவன் என்னை வீட்டை விட்டு வெளியே போடான்னான்! அவ கையில இருந்த காயத்தைப் பார்த்துட்டு ஒரே குதி. ஒரு தள்ளுதான் தள்ளினேன். வாசப்படியில மண்டை பட்டுடுச்சு.”

கயேகோஸ் விலங்கு மாட்டினான். எர்லிண்டா புருஷன் பக்கம் திரும்பவேயில்லை.

“அப்பா ஏணியில ஏறவே இல்லையா?”

“ஏறவே இல்லம்மா.”

“அப்போ நான் சுவரைக் கழுவச் சொன்னதால இல்ல.”

“இல்ல.”

அவள் சட்டைக் கையை மேலே தள்ளிக் காயத்தைப் பார்த்தாள். “எனக்காக அவன்கிட்ட சண்டை போட்டாரா?”

பெர்நீஸுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஆமாம்மா. உனக்காகத்தான்.”

எர்லிண்டா அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.