டவர் கிடைக்கும் வளைவு

கிளியூரிலிருந்து மேடு ஏறும்போதே புருஷனின் இருமல் நின்றுவிட்டது. ஆறு நாளாக வீட்டையே உலுக்கிய இருமல். ஜெயகுமாரிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. உட்காரத் தெம்பில்லாத புருஷன் விஜயகுமாரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றி, பழைய சேலையால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

டவர் கிடைக்கும் வளைவில் வண்டியை நிறுத்தினாள். மணி எட்டாகியும் விலகாத மூடுபனிக்குள், சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காப்பிச் செடிமேல் விழும் தண்ணீரும், ஈர இலை மக்கும் வாடையும், எங்கோ கீழே உறுமி உறுமி ஏறும் பஸ்ஸின் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை.

வீடியோவில் டாக்டரைக் கூப்பிட்டாள். போனில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "எடுத்துத் தொலையேன், சனியனே!" என்று பல்லைக் கடித்தாள். தூங்குகிற மகள் மலரைத் தனியாக விட்டு, கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்திருக்கிறாள். நேரில் போகாமலா இருந்தாள்? போன வாரம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் ஐந்து மணி நேரம் தவம் கிடந்தாள். அந்த டாக்டர் தலை நிமிராமலே மாத்திரை எழுதினார். புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாவி மனுஷன். இந்த வீடியோ டாக்டரம்மாவாவது முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

ஹேமலதா டாக்டர் திரையில் வந்தார். "அவரைக் காட்டும்மா. பேசச் சொல்லு."

போனைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "ஏனுங்க, டாக்டரம்மா கேக்கறாங்க. எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

"நொம்ப நல்லாருக்குதுங்க," என்றான் காதோரத்தில்.

டாக்டர் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தார். "இன்னொரு தடவை."

"நொம்ப நல்லாருக்குதுங்க."

"ஜெயகுமாரி, அங்க குளிருதா?"

"நடுக்குதுங்கம்மா."

"நீ பேசும்போது உன் வாயில புகை வருது கண்ணு." டாக்டர் மறுபடி அவன் வாயைப் பார்த்தார். "அவருக்கு வரலை."

லைன் அறுந்துபோனது.

அவள் திரும்பவில்லை. முதுகில் ஒட்டியிருந்த நெஞ்சைக் கவனித்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. சேலை முடிச்சைத் தேடினாள். முடிச்சின்மேல் அவன் கை. சில்லென்று. விலக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

பஸ் சத்தம் நின்றிருந்தது.

அவன் கன்னம் அவள் கன்னத்தில் வந்து ஒட்டியது.

"வண்டியத் திருப்பு புள்ள. மலரு ஊட்ல தனியாத் தூங்குது."

மாட்டேன் என்று தலையாட்டினாள். அவனுடைய இன்னொரு கை நீண்டு வந்து, அவள் கையோடு சேர்த்து ஆக்சிலேட்டரை மெல்லத் திருகியது. அணைந்து கிடந்த வண்டி உறுமியது. திரும்பிக் கிளியூரைப் பார்த்து இறங்கத் தொடங்கியது.