புரியாத பாடம்

வகுப்பில் இருந்த எல்லாக் காதுகளுக்குப் பின்னாலும் சிவப்பு எரிந்தது. பேராசிரியர் பிலோமினா நிறுத்தவில்லை. கால் வீங்கி இறந்துபோன ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீக்கம் எந்த நோயோடும் பொருந்தவில்லை.

"அப்ப விடை என்ன மேடம்?" ஒரு மாணவி கேட்டாள்.

"விடை இல்லம்மா. கடைசிவரைக்கும் தெரியல."

சிவப்பு இன்னும் அடர்ந்தது.

அந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தேர்வுகள் ஒழிந்து வெகுகாலமாகிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒட்டிய தெளிவுமானி, பாடம் புரிந்தால் பச்சையாகவும் மூளை குழம்பினால் சிவப்பாகவும் எரியும். பருவ முடிவில் அந்த அளவுகளை வைத்துப் பாடத்திட்டத்தைத் திருத்துவார்கள். தொடக்கத்தில் நல்லதுதான் நடந்தது. ஏனோதானோவென்று நடத்தப்பட்ட வகுப்புகள் உருப்பட்டன. பிலோமினாவே தன் பாடங்கள் சிலவற்றை வெட்கத்தோடு மாற்றி எழுதியிருக்கிறார்.

"முழுக்கச் சிவப்பு. இந்தப் பாடத்தால யாருக்கும் எதுவும் புரியல," என்றார் பருவ முடிவுக் கூட்டத்தில் பாடத்திட்டக் குழுத் தலைவர் தணிகாசலம்.

"புரியாம நிக்கிறதுக்குப் பழக்கறதுதான் சார் அந்தப் பாடம்."

"சரி, அதை எப்படி அளக்கறது? நீங்களே சொல்லுங்க."

ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே பேசிப் பேசிப் பிலோமினாவுக்கு அலுத்திருந்தது. சரியென்று தலையசைத்தார். பாடம் போயிற்று. அடுத்த ஆண்டுகளில் அதைப் போன்ற மற்ற பாடங்களும் போயின. வகுப்பு முழுவதும் பச்சையானது. பல்கலைக்கழகத்துக்கு விருது கிடைத்தது.

அந்தப் பச்சை வகுப்பில் படித்து, இப்போது குழந்தைகள் வார்டில் பிலோமினாவின் கீழ் மருத்துவராக இருக்கும் நிறைமதி, ஒரு மதியம் அவர் அறைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உடம்பு சரியில்ல மேடம். லீவு வேணும்."

"என்ன பண்ணுது?"

"வார்டுல ஒரு கைக்குழந்தை. மூச்சு திணறுது. எந்த நோய்லயும் சேர மாட்டேங்குது. அதைப் பார்த்ததும் எனக்குப் படபடன்னு வருது, தலைக்குள்ள கலங்குது. மூளையில ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன். ஸ்கேன் எடுத்துடலாமா?"

பிலோமினா அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்தக் குழந்தைக்கு என்னன்னு உனக்குப் புரியல, அவ்வளவுதான்."

நிறைமதி மிரண்டு பார்த்தாள். "இதுக்கு முன்னாடி எனக்கு இப்படி வந்ததே இல்லையே!"

"இப்ப குழந்தைகிட்ட யாரு இருக்கா?"

"டாக்டர் செழியன் இருந்தார். அவருக்கும் இதே மாதிரி ஆகி வீட்டுக்குப் போயிட்டார். அவருக்கு முன்னாடி பார்த்தவரும்."

பிலோமினா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால்கள் வலித்தன. வார்டுக்குப் போய்க் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் கேட்டார். அவருக்கும் பிடிபடவில்லை. குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி, பிராணவாயுவைக் கூட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குழந்தையின் தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"பார்க்க வர்ற டாக்டருங்க எல்லாம் தனக்கு உடம்பு சரியில்லன்னு போயிடறாங்க. என் புள்ளைக்கு வந்திருக்கறது அப்படி ஒட்டிக்கற நோயா டாக்டர்?"