இடது பக்கச் சத்தம்

கழற்றிப் போட்ட இரும்பு தானாகச் சத்தம் போடாது. அதனால்தான் கார் நிறுத்தும் போர்ச்சைக் கூட்டிக்கொண்டிருந்த கபீர் முதலில் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டான். டொக். மறுபடியும் டொக். திரும்பிப் பார்த்தான். காரிலிருந்து கழற்றிய பழைய இடது லோவர் ஆர்ம், விரித்த அட்டைப்பெட்டியின்மேல் கிரீஸ் நாற்றத்தோடு கிடந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த அதன் உருண்டை மூட்டு, யாரோ விரலால் தட்டிவிட்டதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

கார் இப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. தம்பி ஜாஸிமின் கார். டர்போ வைத்த அந்தச் சிவப்புக் கார் மாசாய் ஊரில் இந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால் பையன்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளப்பார்கள். அத்தாவின் சாப்பாட்டுக் கடை தம்பிக்குப் போயிற்று. கபீருக்கு ஃபேக்டரி ஷிப்ட் வாய்த்தது. அதையெல்லாம்கூட அவன் விழுங்கிவிட்டான். தேய்ந்துபோன லோவர் ஆர்ம் இரண்டையும் வீட்டிலேயே மாற்றித் தருகிறேன் என்று சொன்னதும் அவனேதான்.

சாயங்காலம் வலது பக்கத்தை முடித்துவிட்டு, இடது பக்க நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் சமையலறையிலிருந்து அவன் மனைவி ஷஹீராவின் குரல் கேட்டது. சத்தம் இடது பக்கம்தான், சூராவ் தொழுகைக்கூடத்துக்கு முன்னாலிருக்கும் வேகத்தடை மேட்டில் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று என்று ஜாஸிமிடம் சொல்லிச் சிரித்தாள். கபீருக்கு ஷிப்ட் இருக்கும் நாட்களில் வேலை பார்க்கும் கிளினிக்கிலிருந்து அவளைத் தம்பிதான் கூட்டி வருகிறான். அது தெரிந்த விஷயம். ஆனால் ஒரு காரின் சத்தத்தை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல, எத்தனை தடவை அதில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? கையால் திருகிய நட்டை ஸ்பானர் போட்டு இறுக்காமலே சக்கரத்தை மாட்டினான். ஆடட்டும். புதுசு போட்டும் சத்தம் போகவில்லையே என்று அவள் முன்னால் தம்பி அசடு வழியட்டும். அவ்வளவுதான் நினைத்தான்.

ஜாஸிம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது ஷஹீரா துடோங் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள்.

"நானும் போய்ட்டு வரேங்க. சத்தம் போயிடுச்சான்னு எனக்குத்தான் தெரியும்."

பின் சீட்டில் கடைச் சாமான் அடைத்துக் கிடந்தது, கபீருக்கு இடமில்லை. அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். சீட்டை நகர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் அளவுக்கே இருந்தது. நட்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். கையைத் துணியில் துடைத்துவிட்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

டொக். டொக்.

ஏறினால் ஒன்று. இறங்கினால் ஒன்று.

அவன் துடைப்பத்தைப் போட்டான். சூராவ் மேட்டைத் தாண்டினால் லாரிகள் தேய்த்த பெரிய ரோடு. அங்கே முழுக்கக் குழி. அட்டையின்மேல் இரும்பு அதிர ஆரம்பித்தது. முதலில் கொசு ரீங்கரிப்பதுபோல் மெல்ல, பிறகு அட்டை படபடக்க, மூட்டு அதன் கிண்ணத்துக்குள் இடமும் வலமும் முட்டிக்கொண்டது. ஜாஸிமைப் போனில் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷஹீராவின் போன் வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ்மேல் பாடியது.

இரும்பைப் பிடித்தான். சுட்டது. ஓடும் வண்டியின் சூடு. கருகும் ரப்பர் வாசம்.

"மெதுவா போடா," என்றான் இரும்பிடம். "தம்பி, மெதுவா போ. நட்டு இறுக்கலடா."

அதிர்வு கூடியது. முழங்காலால் அழுத்தினான். அந்த அதிர்வு பல்வரை ஏறியது. அவன் கண்ணெதிரே மூட்டு கிண்ணத்திலிருந்து மெல்ல எழுந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

கழன்றது.

சிமெண்டில் உருண்டு கேட்டில் முட்டி நின்றது. சாக்கடைத் தவளைகள்கூட ஓய்ந்துவிட்டன.

எவ்வளவு நேரம் அப்படியே மண்டியிட்டிருந்தானோ. தெருமுனையில் டர்போ சீறியது. அல்லாவே, வந்துவிட்டார்கள். கார் மேட்டில் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. திறந்திருந்த கேட் வழியாக நுழைந்து, வழக்கமான இடத்தில், கொஞ்சமும் சாயாமல் நேராக நின்றது.

முன்பக்கம் இடது சக்கரம் இல்லை.

அந்த இடத்தில் இருட்டு மட்டும்.

ஜாஸிம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிமிட்டவில்லை. ஷஹீராவின் பக்கக் கண்ணாடி இறங்கியது.

"இப்ப சத்தமே இல்லங்க," என்றாள். "ஏறுங்க. உங்களுக்கும் இடம் இருக்கு."

பின் கதவு திறந்துகொண்டது. சாமான் ஒன்றும் இல்லை. அவன் கால் நீட்டி உட்கார வசதியாக அவளுடைய சீட் முன்னால் தள்ளியிருந்தது. டாஷ்போர்டைத் தொடும் வரை தள்ளியிருந்தது. அவளுக்குக் கால் வைக்க அங்கே இடமே இல்லை. அவள் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.