பூமி முத்திரை

காற்றுக்காரர் மணியடித்தபோது இளவெயினி இன்னும் தலை வாரியிருக்கவில்லை. காலி உருளைகளை வாசலில் வைத்துவிட்டு, அவர் இறக்கிய நிறை உருளை ஒன்றின் திருகை லேசாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். செம்பட்டினத்தில் எல்லா வீடுகளிலும் காலையில் நடப்பதுதான் இது.

"துரு வாசனை அடிக்கே."

"எல்லா வீட்லயும் இதே பாட்டுதான் தாயீ. நானா காய்ச்சுதேன்? கம்பெனி குடுக்கத நான் கொண்டாரேன்."

"நேத்து இம்புட்டு இல்லியே."

"நேத்து புழுதி கிளம்பலல்லா" என்று சொல்லி இரண்டு முறை இருமிவிட்டு, அவர் அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளினார்.

செம்பட்டினம் செவ்வாயில் இருக்கிறது. குலசேகரப்பட்டினத்து ஏவுதளத்திலிருந்து கிளம்பிவந்த குடும்பங்கள் மூன்று தலைமுறைக்கு முன்பு கட்டிய ஊர். பேச்சையும் சமையலையும் கையோடு கொண்டுவந்தவர்களால் காற்றைக் கொண்டுவர முடியவில்லை. வெளியே இருக்கும் கரியமிலக் காற்றை உறிஞ்சி, உடைத்து, பிராணவாயுவாக்கி விற்றது சேர்மக்கனி காற்று நிலையம். அந்த உறிஞ்சு குழாய்களில்தான் தொல்லை. செவ்வாயின் புழுதி மாவைவிட மெல்லியது. எந்த வடிகட்டியையும் இரண்டே வாரத்தில் அடைத்துவிடும். அடைக்காத மிச்சம் உள்ளே நுழைந்து ஊரை இருமவைக்கும்.

இதற்கு மருந்து இளவெயினியின் கைப்பையில் இருந்தது. அவள் செம்பட்டினப் பல்கலைக்கழகத்தில் தூசியியல் துறையின் இளம் ஆய்வாளர். தலை வாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுவதுபோல, உரசி உரசி மின்னேற்றம் பெற்ற புழுதிதான் வடிகட்டியில் ஒட்டுகிறது. ஆகவே தன் மின்னேற்றத்தை அலைபோல மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு துணியை அவள் நெய்திருந்தாள். அதன்மேல் உட்காரும் தூசியை அலை தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் உதிர்த்துவிடும். அலைத்திரை என்று பெயர் வைத்தாள். விளிம்பு பிரியாமல் இருக்கப் பச்சை நூலால் தானே தைத்தாள்.

காற்று நிலையம் அவளுடைய ஆய்வகத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாலையைக் கடக்கும் துணிச்சல் வர அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நிலையத்தின் முதலாளி சேர்மக்கனி அண்ணாச்சி அன்பாகத்தான் வரவேற்றார். சுக்குக் காப்பி கொடுத்தார். திரையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஒரு வாரம் மாட்டிப் பாருங்க அண்ணாச்சி. காசு வேண்டாம்."

"காசு வேண்டாமா?" அவர் முகத்தில் முதல் சந்தேகம் தோன்றியது. "இதை எங்க செஞ்ச?"

அவள் ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். "அந்தா."

"அதான பாத்தேன். தப்பா நினைச்சுக்கிடாதம்மா. நீ நம்ம செல்லையா மவள்லா? மூக்கு ஒழுக இந்த வாசல்ல நின்ன புள்ள. நீ செஞ்சதை நான் மாட்டுனா ஊர்ல என்ன சொல்லுவான்? 'சேர்மக்கனி எதுத்த வீட்டுத் துணியக் கொண்டு காத்த வடிகட்டுதான்'னு சிரிப்பான். பூமிக்கு எழுதிப் போட்டிருக்கேன். பெரிய ஆலோசனைக் கம்பெனி. அவங்க அங்க உள்ள பல்கலைக்கழகத்துல குடுத்து, ஆராஞ்சு, நல்ல சரக்கா அனுப்புவாங்க."

இதற்கு இளவெயினிக்கு நல்ல பதில் ஒன்று தோன்றியது. ஆனால் அது தோன்றியபோது அவள் சாலையைக் கடந்து ஆய்வகத்துக்குள் வந்துவிட்டிருந்தாள்.

ஆய்வகத்தில் ஒரு கல்யாண வீட்டார் சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாத துறையை ஆண்டு முடிவில் மூடிவிடுவது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. ஆய்வகம் இருந்த கூடாரத்தைப்போல அகலமானது ஊரில் வேறு கிடையாது. எனவே அதைக் கல்யாண மண்டபமாக்குவதாக ஏற்பாடு.

"மணமேடையை இங்கன போட்டிரலாம்" என்றார் பெண்ணின் தாய்மாமன். "இந்த மிஷினைத் தூக்குனா பந்திக்கு இடம் தாராளம். என்னம்மா, எப்ப தூக்குவீங்க?"

அந்த மிஷினில்தான் அவள் திரை நெய்தாள். அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள்.

மறுவாரம் பூமியிலிருந்து ஜெனிட்டாவின் செய்தி வந்தது. ஜெனிட்டா தூத்துக்குடியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. செய்தி அவ்வளவு தூரம் போய்வர வேண்டும் என்பதால், ஒருத்தி கேட்டு மற்றவளின் பதில் வருவதற்குள் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிடலாம். அந்த இடைவெளி இருந்ததால்தான் கூச்சக்காரியான இளவெயினிக்கு அவளோடு பேச முடிந்தது.

"ஏட்டி வெயினி, சிரிக்காத. ஒரு ஆலோசனைக் கம்பெனி எங்க துறைக்கு வேலை குடுத்திருக்கு. செவ்வாய்ப் புழுதியை வடிகட்டணுமாம். எங்ககிட்ட அந்தப் புழுதி ஒரு சிட்டிகைகூட கிடையாது! கேட்டது உங்க ஊர்க்காரராம். சேர்மக்கனின்னு பேரு. உனக்குத் தெரியுமா?"

இளவெயினி ஜன்னலைப் பார்த்தாள். எதிரே அண்ணாச்சி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்று எழுதினாள். திரையைப் பற்றியும் எழுதினாள்.

"அப்ப அதையே அனுப்பு. எங்க ஆளுங்க முத்திரை குத்தி உங்க ஊருக்கே திருப்பி அனுப்பிருவாங்க."

'சரி' என்று அடிக்க இளவெயினியின் விரல் தானாகப் போனது. அந்த நேரம் தாய்மாமன் போர்வையை விலக்கி மிஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல் நின்றது. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

"அனுப்புகிறேன். ஆனால் திரையைப் பொருத்துவதும் சோதிப்பதும் செம்பட்டினத் தூசியியல் துறையின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் வர வேண்டும். காற்று நிலையம் எங்கள் துறையோடு கையெழுத்திட வேண்டும். அந்த வரி இல்லையென்றால் திரையும் இல்லை."

அனுப்பிவிட்டுக் காப்பி போட்டாள். குடித்தாள். சர்க்கரை போடவில்லை என்பதே தெரியவில்லை.

பதில் வந்தது. "அடிப் பாவி! இந்த வாயை இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த? எங்க துறைப் பெரியவரு சந்தோஷத்துல குதிக்காரு. செவ்வாய்ப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து ஆராய்ச்சின்னு போட்டா எங்களுக்குத்தான் மதிப்பாம்."

பூமியிலிருந்து வந்த ஒப்பந்தத்தில் அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கல்யாண வீட்டார் வேறு இடம் தேடிப் போனார்கள். மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது.

திரை பூமிக்குப் போய்த் திரும்பி வந்தது. பெட்டியை ஊர் கூடியிருக்கப் பிரித்தார்கள். பளபளக்கும் முத்திரைக்கு அண்ணாச்சி சந்தனப் பொட்டு வைத்தார். திரையை விரித்து, பச்சை நூல் ஓடிய விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"தையலைப் பாத்தியாம்மா? நம்ம ஊர்ல இப்படித் தைக்க ஆளு உண்டுமா?"

"நல்ல தையல்தான் அண்ணாச்சி" என்றாள் இளவெயினி.

அவளே குழாயில் மாட்டினாள். அந்த வாரமே பெரும் புழுதி எழுந்து வானம் இருண்டது. மறுநாள் காலையில் தெரு முழுக்கத் திருகுகளைத் திறந்து முகர்ந்தார்கள். துரு இல்லை, நெடி இல்லை. ஒன்றுமே இல்லை. காற்றுக்காரர் தாமே ஓர் உருளையைத் திறந்து, கண்ணை மூடி, மார்பு நிறைய இழுத்தார். இருமல் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. "தாயீ, இதுதான் காத்தா!" என்று அவர் கத்தியதும் தெருவே சிரித்தது. அன்று ஊரில் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள். மூச்சு மிச்சமிருந்தது.

அடுத்த கோடையில் அண்ணாச்சி முதல்முறையாகச் சாலையைக் கடந்து ஆய்வகத்துக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பூமியில இருந்து ஆர்டர் வந்திருக்கும்மா. தூத்துக்குடியிலயும் தூசித் தொல்லையாம். இதே திரையை அங்கயும் ஜெனிட்டா ஆளுங்க செஞ்சு வச்சிருக்காவ, எவனும் தொடமாட்டேங்கானாம். 'நம்ம ஊர்ல செஞ்சது எப்படி இருக்குமோ, செவ்வாய்ச் சரக்குன்னா நம்பி வாங்கலாம்'ங்கானாம். உன்னால நெய்ய முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி."

அவர் பார்வை மேசைமேல் இருந்த பச்சை நூற்கண்டில் நின்றது. நூலைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தையலு…"

"என் தையல்தான்." இந்த முறை பதில் உரிய நேரத்தில் வந்தது. "முதல்ல சுக்குக் காப்பி குடுத்து நீங்க திருப்பிக் குடுத்தீங்களே, அதே திரைதான்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "செல்லையா மவ ஜெயிச்சுட்டா! உனக்கு வேணுங்கிற ஆளைச் சேர்த்துக்கோ, பக்கத்துக் கூடாரத்தையும் எடுத்துக்கோ, சம்பளம் என் பொறுப்பு. பூமிக்குப் போறதுல செம்பட்டினம்னு பெருசா முத்திரை குத்து."

வாசல்வரை போனவர் திரும்பி நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நம்ம ஊருக்கு வேணுங்கிறதை மட்டும் அந்தப் புள்ள ஜெனிட்டாகிட்டயே சொல்லி அனுப்பச் சொல்லும்மா. என்ன இருந்தாலும் பூமிச் சரக்கு மாதிரி வராது பாரு."

அதன்பின் ஒவ்வொரு பருவமும் குலசேகரப்பட்டினத்திலிருந்து ஒரு கப்பலும் செம்பட்டினத்திலிருந்து ஒரு கப்பலும் கிளம்புகின்றன. நடுவெளியில் ஒன்றையொன்று கடக்கும்போது மாலுமிகள் விளக்கை அணைத்து எரித்து வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு கப்பல்களின் வயிற்றிலும் பச்சை நூல் தைத்த திரைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.