பட்டு வேட்டியை நனைத்தது யார்?

ஞாயிறு காலை 7.10. கீரனூரில் வீட்டுக்காரர் ஆத்மநாதன் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. மாடி வராந்தாக் கொடியில் அவர் காயப்போட்டிருந்த பட்டு வேட்டியில் கப்பென்று மூத்திர நாற்றம். மாடியில் குடியிருப்பவள் பிளெஸ்ஸி. அவளோடு இருப்பது ரோஸி என்ற பூனை.

“பத்து மணிக்குள்ள பூனையை நார்த்தாமலைப் பக்கம் விட்டுட்டு வந்துரும்மா. இல்லேன்னா நீ வேற வீடு பார்த்துக்க.”

பிளெஸ்ஸிக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவள். வீடு திரும்பினால் பேச்சுத் துணைக்கு ரோஸியை விட்டால் ஆள் கிடையாது.

7.25. பக்கத்து வீட்டு ஏட்டு மீனம்மாள் வந்தார். ஓய்வு நாள் என்று தலையில் எண்ணெய் வைத்திருந்தார். குற்றம் என்றால் குளியலாவது ஒன்றாவது.

“மண் தொட்டி எங்க?”

“இந்தா இருக்குக்கா. தினமும் மண்ணு மாத்துறேன். காலையிலகூட இதுலதான் போச்சு. அதோட ரோஸிக்கு ஆபரேஷனும் ஆயிருச்சு. இது ஏதோ கடுவன் பூனை வேலைக்கா.”

“என் கருப்பனையா சொல்றே?” தன் பூனைக்காக ஆத்மநாதன் பாய்ந்தார். “அவன் பொட்டைப் பூனையை ஏறெடுத்தும் பாக்கமாட்டான்!”

“வராந்தா பூட்டு?”

“ராத்திரி பூரா பூட்டித்தான் இருந்துச்சு. காலையில நான்தான் தொறந்தேன்க்கா.”

கிரில் கம்பிக்குள் பூனைத் தலைகூட நுழையாது. வெளிப்பக்கம் நாலைந்து கறுப்பு முடிகள் ஒட்டியிருந்தன. வேட்டியில் நனைந்தது கீழ்க்கரை மட்டும். பின்சுவரில் ஒரு சாண் உயரத்தில் கறை. தரையில் ஒரு சொட்டு இல்லை.

மீனம்மாள் ரோஸியைத் தடவினார். அது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குழைந்தது. வயிற்றில் தழும்பு இல்லை. முன்னங்காலில் இருந்தது.

“ரெண்டு நாளா கத்துதா?”

“ஆமாக்கா. பசின்னு மீன் வச்சேன், தொடலை.”

“பூனை யாரு குடுத்தா?”

“ஆபீஸ்ல சோபியா.”

“அவளுக்குப் போனடிச்சு ஸ்பீக்கர்ல போடு.”

8.05. “ரோஸிக்கு என்ன ஆபரேஷன்மா செஞ்சீங்க?”

“கால்ல தூண்டில் முள்ளு ஏறிருச்சுங்க. கீறி எடுத்தாங்க.”

மீனம்மாள் போனை வைத்தார்.

“குத்தவாளி ரோஸிதான். ஒண்ணுக்குன்னா தொட்டியில உக்காந்து போகும். இது நின்னுக்கிட்டு சுவத்துல பீச்சுனது. கடுவன்தான் அப்படிச் செய்யும்னு நெனைக்கிறோம். பருவத்துக்கு வந்த பொட்டையும் செய்யும், ஜோடிக்கு ‘வா’ன்னு தாக்கல் சொல்ல. நம்ம ஊர்ல ஆபரேஷன்னாலே குடும்பக் கட்டுப்பாடுதானே? சோபியா கால் ஆபரேஷனைச் சொல்லியிருக்கா, நீ கர்ப்பப்பைன்னு எடுத்துக்கிட்டே.”

“நான் அப்பவே சொன்னேன்ல!” என்றார் ஆத்மநாதன்.

“இருங்க சார். தாக்கல் யாருக்குப் போச்சு? கம்பியில ஒட்டுன கறுப்பு முடி யாரோடது?”

எல்லோரும் வெளியே எட்டிப் பார்த்தார்கள். சன்ஷேடில் உட்கார்ந்து, கருப்பன் மாடியையே பார்த்து உருகிக்கொண்டிருந்தான்.

“பத்து நாள் கதவைச் சாத்தி வை பிளெஸ்ஸி. அப்புறம் நெசமான ஆபரேஷன் பண்ணிரு, அநேகமா நின்னுரும். சார், ரோஸியை நார்த்தாமலையில விடுறதுன்னா விடுங்க. மாப்பிள்ளை பின்னாலயே போயிட்டா என்னைக் கேக்கக் கூடாது.”

ஆத்மநாதனின் முகம் செத்துப்போனது. கருப்பன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வேட்டியை மெல்லச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

“பத்து நாள் கழிச்சு ரெண்டையும் என் கார்லயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்,” என்றவர், பிளெஸ்ஸியைப் பார்த்துக் கை கூப்பினார். “நீங்களும் வந்துருங்க, சம்பந்தி.”